கேள்வி கேட்பவரின் பொறுப்பு



பதுளைக் கடைத்தெருவிலும் பசறையிலும் நகைக்கடைகளிலும் நிதிக் கம்பனிக் கிளைகளிலும் வேலை பார்க்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர். அவர்களில் சிலருக்குக் கணக்கெழுதுவதோடு ‘கம்ப்ளயன்ஸ்’ எனும் சட்ட இணக்கப் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. இந்த மாதம் அவர்களைப் பற்றி எழுதத் தோன்றியது.

2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் வங்கிகளுக்கு மட்டும் உரியதல்ல. காணித் தரகர், கணக்காளர், நொத்தாரிசு ஆகியோரின் சில வேலைகளும் அதற்குள் வரும். 15,000 அமெரிக்க டொலருக்குச் சமமான அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாக வாங்கும் நகை, இரத்தினக்கல் வியாபாரியும் வருவார். இவர்கள் ஓர் இணக்க அதிகாரியை நியமிக்க வேண்டும். நிதிக் கம்பனியில் பத்து இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் ரொக்கம் புரண்டால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். சந்தேகத்துக்கோ தொகை வரம்பே இல்லை. சந்தேகம் எழுந்து இரண்டு வேலை நாட்களுக்குள் அறிக்கை போக வேண்டும், அது போன விஷயம் வாடிக்கையாளர் காதுக்கு எட்டவே கூடாது.

சின்ன இடத்தில் இது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். முதலாளியின் பழைய நண்பர் பை நிறையப் பணத்தோடு வருகிறார். தேநீர் வருகிறது. மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளை அவரிடம் “ஐயா, இந்தப் பணம் எப்படி வந்தது?” என்று கேட்க வேண்டும். நல்லெண்ணத்தோடு அறிவிப்பவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. மறுநாள் முதலாளி முகம் கொடுத்துப் பேசுவாரா என்பது சட்டத்தின் கையில் இல்லை. முதலாளிமார் தாமாக முன்வந்து “என் ஆளாக இருந்தாலும் கேள்” என்று வாயால் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாத கடையில் அந்தப் பதவி வெறும் பெயர்ப்பலகைதான்.

அதே மேசைக்கு ஐம்பது வயதில் சேமலாப நிதி எடுத்த ஓர் அம்மாவும் வருகிறார். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த காசு. விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டால் என்ன காட்டுவார்? பல லயங்களுக்கு இன்னமும் வீட்டிலக்கம் கிடையாது, கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருகிறது. 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டு, 2003இன் சட்டம் வரை அதன் மிச்சத்தைச் சுமந்த சமூகம் இது. பத்திரம் கேட்கும் குரலே நம்மவர்களுக்குப் பழைய பயத்தைக் கிளப்பும். ஆபத்துக் குறைந்த இடத்தில் எளிய நடைமுறை போதும் என்பதை, கறுப்புப் பணத்தைத் தடுக்கும் தராதரங்களை வகுக்கும் சர்வதேச நிதி நடவடிக்கைச் செயலணியும் 2025 பெப்ரவரியில் தன் தராதரங்களைத் திருத்தி வலியுறுத்தியிருக்கிறது. அடையாள அட்டையைப் பார்த்து, சேமலாப நிதிக் கடிதத்தின் பிரதியை வைத்துக்கொண்டு, நாற்காலி போட்டு மரியாதையாகப் பேசி அனுப்பலாம்.

வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் முறை பற்றியும் சொல்ல வேண்டும். 2021இல் டொலரை ஏறக்குறைய 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்தபோது வெளியில் அதைவிட எவ்வளவோ அதிகம் கிடைத்தது. 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம், 2022இல் சுமார் 380 கோடிக்கு இறங்கியது. பிள்ளைகளை விட்டுவிட்டு வளைகுடாவில் வீட்டுவேலை செய்யும் தாய்மார் கூடுதலாகக் கிடைத்ததை நாடியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் கொடுத்த ரியால் அங்கேயே நின்றுவிடும். இங்கே முன்பின் தெரியாத ஒருவர் குடும்பத்துக்குக் கொடுப்பது வேறு யாருடைய ரூபாவோ. அது போதைப்பொருள் விற்ற காசாகவும் இருக்கலாம். கொஞ்சக் கூலிக்கு வங்கிக் கணக்கையும் அட்டையையும் அடுத்தவனுக்குக் கொடுக்கும் தம்பிமார் மாட்டிக்கொள்வதும் இப்படித்தான். யார் வீட்டுப் பிள்ளை, அவனுக்கு என்ன வருமானம் என்பது கொழும்பிலுள்ள கணினிக்குத் தெரியாது. பசறையில் இருக்கும் அதிகாரிக்குத் தெரியும்.

2017 நவம்பர் முதல் 2019 ஒக்டோபர் வரை இலங்கை, சர்வதேச நிதி நடவடிக்கைச் செயலணி கூடுதலாகக் கண்காணிக்கும் நாடுகளின் ‘சாம்பல் பட்டியலில்’ இருந்தது. வெளியே வரச் செய்த வேலையில் சின்னக் கடைகளில் நிரப்பப்பட்ட படிவங்களுக்கும் பங்குண்டு.

இந்த வேலையில் இருக்கும் தம்பி, தங்கைமாரே, உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரோ அறிக்கை விவரமோ வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டியதில்லை. முதலாளியிடம் எப்படிப் பேசினீர்கள், லயத்து விலாசத்தை எப்படிப் பதிந்தீர்கள் என்பது போதும். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்