விளக்கு எரியிற கீபோர்டு வாங்குறதுக்கு முன்னாடி

பிளேஸ்மெண்ட் முடிஞ்ச கையோடு நம்ம வாட்ஸ்அப் குரூப்புகளில் தனியா ஒரு சீசன் ஆரம்பிக்கும், கவனிச்சிருப்பீங்க. ஆஃபர் லெட்டர் போட்டோவுக்குக் கீழேயே கீபோர்டு லிங்க். "மச்சி, இது ஓகேவா? சேல்ல ஆறாயிரம்தான்." அதுக்குக் கீழே ஒருத்தன் பதினாறாயிரம் டிபிஐ மௌஸ் லிங்க் போடுவான். இன்னொருத்தன் இஎம்ஐ போட்டா மாசம் எவ்வளவுன்னு கணக்கு சொல்லுவான். சம்பளம் இன்னும் ஒரு ரூபாய் கைக்கு வந்திருக்காது.

வாங்காதீங்கன்னு சொல்ல வரல. வாங்குங்க. ஆனா என் கருத்து இதுதான்: காசை முதலில் மௌஸில் போடுங்க. மிச்சம் இருந்தா கீபோர்டு. எதை வாங்கினாலும் அதைப் பழைய கேம்ல வச்சு சோதிச்சுப் பாருங்க. யூடியூப் ரிவியூ இருபது நிமிஷம் பேசியும் சொல்லாததை, 1999-ல் வந்த ஒரு இலவச கேம் பத்து நிமிஷத்துல சொல்லிடும்.

அந்த கேம் லிட்டில் ஃபைட்டர் 2. ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல, சார் அந்தப் பக்கம் போன நேரமாப் பார்த்து ஆடினோமே, அதேதான். ஹாங்காங்கைச் சேர்ந்த மார்ட்டி வாங், ஸ்டார்ஸ்கி வாங் என்ற ரெண்டு பேர் செஞ்சு சும்மாவே கொடுத்தாங்க. ஒரே கீபோர்டில் நாலு பேர் ஆடலாம். போன மாசம் எங்க ஹாஸ்டல் விங்ல அதை மறுபடி இறக்கினோம். ரெண்டு பேர் ஆடுற வரைக்கும் ஒண்ணும் பிரச்சினை இல்ல. மூணாவது ஆள் உட்கார்ந்ததும் சண்டை திரையை விட்டு வெளியே வந்துடுச்சு. "டேய், நான் அமுக்கினேன்டா, வேலை செய்யல!" தோத்தவன் சொல்ற சாக்குன்னு எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அவன் சொன்னது உண்மை. அவன் அமுக்கத்தான் செஞ்சான். கீபோர்டுதான் அதைக் கண்டுக்கல.

இதுக்குக் கோஸ்டிங்னு பேர். தமிழ்ல 'பேய் எழுத்து'ன்னு போடலாமான்னு எடிட்டர்கிட்ட கேட்டேன், முறைச்சாங்க. கீபோர்டில் நூறு சொச்சம் பட்டன் இருக்கு, ஆனா நூறு ஒயர் உள்ளே கிடையாது. குறுக்கும் நெடுக்குமா கோடு போட்ட ஒரு மேட்ரிக்ஸ்தான். கன்ட்ரோலர் சிப் ஒவ்வொரு நெடுக்குக் கோடா சிக்னல் கொடுத்து, எந்தக் குறுக்குக் கோட்டில் பதில் வருதுன்னு படிக்கும். ஒரு செவ்வகத்தோட மூணு மூலையில் இருக்கற பட்டன்களை ஒண்ணா அமுக்கினா, கரண்ட் சுத்திக்கிட்டு வந்து நாலாவது மூலையும் அமுக்கின மாதிரியே காட்டும். அதான் பேய். இந்தப் பேய்க்குப் பயந்து மலிவான கீபோர்டு என்ன பண்ணும்னா, சந்தேகம் வந்த உடனே அந்த மூணாவது பட்டனையே விட்டுடும். எங்க ஆளோட குத்து காணாமப் போனது அங்கேதான்.

மைக்ரோபிராசசர் லேப்ல 8279 சிப் வச்சு கீபோர்டு இன்டர்ஃபேஸ் பண்ணினவங்களுக்கு இது புதுசே இல்ல. '2-கீ லாக்அவுட்', 'என்-கீ ரோல்ஓவர்'னு அதுல ரெண்டு மோடு. ரெக்கார்டு நோட்டுல எழுதினோம், வைவால கேட்டதும் கண்ணை மூடிக்கிட்டு ஒப்பிச்சோம். அதே என்-கீ ரோல்ஓவரைத்தான் இன்னைக்கு கேமிங் கீபோர்டு பெட்டி மேல பளபளன்னு அச்சடிச்சு விக்கிறாங்க. எத்தனை பட்டனை ஒண்ணா அமுக்கினாலும் அத்தனையும் பதிவாகும்னு அர்த்தம். அதுக்கு வழியும் நமக்குத் தெரிஞ்சதுதான்: பட்டனுக்கு ஒரு டயோடு, கரண்ட் திரும்பி வராது. மெக்கானிக்கல் கீபோர்டில் எல்லா ஸ்விட்சும் ஒரு பிசிபி மேல உட்கார்ந்திருக்கு, டயோடை அங்கேயே சால்டர் பண்ணிடலாம். சாதாரண மெம்பிரேன் கீபோர்டில் உள்ளே இருக்கறது பிளாஸ்டிக் ஷீட்ல அச்சடிச்ச கோடு. அதுல டயோடு வைக்கிறது கஷ்டம். அதனால கோடுகள் போற வழியை மாத்தி, டபிள்யூ ஏ எஸ் டி-யைச் சுத்தி இருக்கற பட்டன்கள் மட்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாத மாதிரி அமைச்சிடுறாங்க. பெட்டியில '19 கீ ஆன்டி-கோஸ்டிங்'னு போட்டிருந்தா பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான். தனியா உட்கார்ந்து ஆடுறவருக்கு இதுவே தாராளம்.

உங்ககிட்ட இப்போ இருக்கற கீபோர்டு எப்படின்னு தெரியணுமா? நோட்பேடைத் திறந்து, ரெண்டு ஷிஃப்டையும் ஒண்ணா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏ-ல இருந்து இசட் வரைக்கும் அடிச்சுப் பாருங்க. எந்த எழுத்து வரலையோ, அங்கே மூணு பட்டன் கூட்டணி ஒத்துவரலன்னு அர்த்தம். அப்புறம் 2005-ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்ல மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூணையும் சேர்த்து அமுக்குங்க. இடது வளைவில் ஹேண்ட்பிரேக் விழாம நேராப் போய் சுவத்துல முட்டினா, போலீஸ் பிடிச்சதுக்கு நீங்க பொறுப்பு இல்ல. (ஒரு வருத்தம்: அந்த கேமைக் காசு கொடுத்து வாங்கலாம்னு பார்த்தா ஸ்டீம்ல கிடையாது. 2012-ல் அதே பேர்ல வந்த வேற கேம்தான் இருக்கு. பழைய டிவிடி வச்சிருக்கற அண்ணன் யாராவது உங்க வீட்ல இருந்தா தூக்கிப் போட விடாதீங்க.)

இந்த ரெண்டு சோதனையிலும் உங்க கீபோர்டு பாஸ் ஆயிட்டா, புதுசு வாங்குறதுக்கு உங்ககிட்ட காரணமே இல்லை. சத்தம் பிடிச்சிருக்கு, கலர் பிடிச்சிருக்குன்னு வாங்கினா அது உங்க இஷ்டம், நான் குறுக்கே வரல. ஆனா "கேம் நல்லா வரும் மச்சி"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

ஃபெயில் ஆனா வாங்கலாம், கொஞ்சம் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு. 'மெக்கானிக்கல் ஃபீல்'னு ஒரு வார்த்தை ஆன்லைன் கடை முழுக்கச் சுத்துது. அந்த 'ஃபீல்' ஒட்டியிருந்தா உள்ளே இருக்கறது மெம்பிரேன்தான், மேலே விளக்கு மட்டும் எரியும். ப்ளூ ஸ்விட்ச் வாங்குறதா இருந்தா உங்க ரூம்மேட் எத்தனை மணிக்குத் தூங்குவார்னு முதலில் கேளுங்க, ஒவ்வொரு அடிக்கும் டிக் டிக்னு சத்தம் வரும். ரெட் ஸ்விட்ச் அமைதி. நம்பர் பேட் இல்லாத சின்ன கீபோர்டு ஹாஸ்டல் மேஜைக்கு வசதின்னு சொல்றாங்க, எனக்கு ஒப்புதல் இல்ல. பழைய கேம் ஆடுறவங்களுக்கு நம்பர் பேட் வேணும். சான் ஆண்ட்ரியாஸ்ல ஹைட்ரா விமானத்தோட எஞ்சினைத் திருப்புற பட்டனே அங்கேதான். லிட்டில் ஃபைட்டர்ல நாலு பேர் உட்கார்ந்தா ஒருத்தருக்கு அந்த மூலைதான் இடம்.

இனி மௌஸ். நம்ம ஆளுங்க தப்பான நம்பரைப் பார்த்து வாங்குறது இங்கேதான்.

1997-ல் டென்னிஸ் ஃபாங் என்ற 20 வயசுப் பையன், 'த்ரெஷ்'ங்கிற பேர்ல குவேக் போட்டியில் ஜெயிச்சு, அந்த கேமை எழுதின ஜான் கார்மக்கோட சொந்த ஃபெராரி காரையே பரிசா வாங்கிட்டுப் போனான். இன்னைக்கு நம்ம விரல் தானாப் போய் உட்கார்ற டபிள்யூ ஏ எஸ் டி பழக்கத்தைப் பரப்பினவங்களில் அவன்தான் முக்கியமானவன். சாதா மேஜையிலேயே ஓடுற ஆப்டிகல் மௌஸை மைக்ரோசாஃப்ட் கடைக்குக் கொண்டு வந்தது 1999-ல். அப்போ 1997-ல் அந்தப் பையன் கையில் இருந்தது எதுவா இருக்கும்னு நீங்களே யோசிங்க. அடியில் ரப்பர் உருண்டை ஓடுற ரகம். வாரம் ஒரு தடவை கழட்டி அழுக்குச் சுரண்டணும்.

டிபிஐ என்பது, மௌஸ் ஒரு அங்குலம் நகர்ந்தா அது எத்தனை தடவை எண்ணிச் சொல்லுதுங்கிற கணக்கு, அவ்வளவுதான். 16,000 டிபிஐ-ல நேரடியா வச்சா, 1920 பிக்சல் அகலத் திரையை மூணு மில்லிமீட்டர்ல தாண்டிடலாம். மூணு மில்லிமீட்டர்! தும்மினாலே கர்சர் எல்லையைத் தாண்டிடும். கவுன்டர் ஸ்ட்ரைக்கைத் தொழிலா ஆடுறவங்களில் பெரும்பாலானவங்க 400, 800-லதான் வச்சிருக்காங்க. போலிங் ரேட்டும் இதே கதை. 125 ஹெர்ட்ஸ்னா 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, 1000 ஹெர்ட்ஸ்னா 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். அது வரைக்கும் சரி, வாங்கலாம். 8000 ஹெர்ட்ஸ்னு ஒண்ணு விக்கிறாங்க. உங்க லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ்னா, படமே 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் மாறுது. ஹாஸ்டல் வைஃபை பிங் பத்திப் பேசவே வேணாம்.

அப்போ எதைப் பார்க்கணும்? கைக்குள் சரியா உட்காருதா, எடை எவ்வளவு, க்ளிக் ஸ்விட்ச் உழைக்குமா. இந்த மூணாவதை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல பாருங்க. அதுல ஒரு ஆள் மேல டபுள் க்ளிக் பண்ணினா, திரையில தெரியற அதே வகை ஆட்கள் எல்லாரும் செலக்ட் ஆவாங்க. ஸ்விட்ச் தேய்ஞ்சு போன மௌஸ் ஒரு க்ளிக்கை ரெண்டாச் சொல்லும். நீங்க ஒரே ஒரு கிராமத்தானை வீடு கட்ட அனுப்புவீங்க, வயல்ல இருந்த பதினஞ்சு பேரும் மண்வெட்டியைப் போட்டுட்டுக் கூடவே கிளம்பிடுவாங்க. எங்க விங்ல ஒருத்தனோட மௌஸ், வாரண்டி முடிஞ்ச அடுத்த மாசமே இப்படி ஆச்சு. இப்பவும் அவனோட தானியம் ஏறவே மாட்டேங்குது.

(அந்த கேமை நிறுத்தினவங்க திரும்பிப் போய்ப் பாருங்க. 2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் திராவிடர்கள் தனி நாகரிகமா வந்திருக்காங்க. கையில் உருமி வச்சுக்கிட்டு வீரர்கள், கடலுக்கு திரிசடை கப்பல், ராஜேந்திர சோழன் கதையில் ஒரு முழு கேம்பெயின். 23 வருஷப் பழைய கேமுக்கு!)

கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6-ல மௌஸைச் சோதிக்க ஒரு வழி இருக்கு. விண்டோஸ் மௌஸ் செட்டிங்ல 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' டிக்கை எடுங்க. அது இருந்தா வேகமா இழுத்தா அதிகமாவும் மெதுவா இழுத்தா குறைவாவும் கர்சர் போகும், கைக்கு எதுவும் பழகாது. அப்புறம் சுவத்துல ஒரு புள்ளியைக் குறி வச்சு, மௌஸை ஒரு பக்கம் வேகமா இழுத்து, அதே அளவு திரும்பி மெதுவாக் கொண்டு வாங்க. குறி அந்தப் புள்ளிக்குப் பக்கத்துலேயே வந்து நின்னா சென்சார் நல்லா இருக்கு. இந்த அளவு சென்சார் இன்னைக்கு ஆயிரத்து சொச்ச ரூபாய் மௌஸ்லயே கிடைக்குது. மிச்சக் காசில் பெரிய துணி மௌஸ் பேட் ஒண்ணு வாங்கிக்கங்க. குறைஞ்ச டிபிஐ-க்குக் கை நகர இடம் வேணும்.

"புது கேம் ஆடத்தானே வாங்குறோம், பழசு எதுக்கு"ன்னு கேப்பீங்க. எங்க விங்ல பதினொரு பேர். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கற லேப்டாப் மூணு பேர்கிட்ட. நூறு ஜிபி கேம் இறக்கினா மூணு பேர் ஆடுவாங்க, எட்டுப் பேர் பின்னாடி நின்னு பார்ப்பாங்க. கொஞ்ச நாள்ல நிக்கிறதுக்கும் வரமாட்டாங்க, ரூம் கதவு சாத்தியிருக்கும். செகண்ட் இயர் முழுக்க அப்படித்தான் போச்சு. 1.6 போட்ட அன்னைக்கு பதினொரு லேப்டாப்பும் ஓடிச்சு, அரசு கொடுத்த பழைய லேப்டாப் உட்பட. அண்ணன் வாங்கி வச்சதை இவன் கொண்டு வந்திருந்தான். அதுல சொருகியிருந்தது நூத்தம்பது ரூபாய் மௌஸ். டஸ்ட்-2-ல அன்னைக்கு அதிக கில் எடுத்தது அவன்தான்.

அவன் ஆஃபர் லெட்டர் இன்னும் வரல. குரூப்ல கீபோர்டு லிங்க் விழும்போதெல்லாம் அவனும் அங்கேதான் இருக்கான், ஒண்ணும் டைப் பண்றதில்லை.

நமக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு, பிராஜெக்ட் ரிவியூ போக. சனிக்கிழமை ராத்திரி ரெண்டாவது மாடி காமன் ரூம்ல லிட்டில் ஃபைட்டர் போடுறோம். ஏற்கெனவே ஆறாயிரம் கொடுத்து வாங்கிட்டவங்க அந்தக் கீபோர்டைக் கையோட எடுத்துக்கிட்டு வாங்க. நாலு பேர் உட்கார்ந்து ஆட, டயோடு வச்ச ஒண்ணு எங்களுக்கு நிஜமாவே தேவைப்படுது.