எலிக்கு ஆனது நமக்கும் ஆகுமா?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளில் சின்ன வெங்காயம் வாங்குகிறவர்கள், "இது சர்க்கரை நோய்க்கு நல்லது, எலிகளுக்குக் கொடுத்தே பார்த்துவிட்டார்கள்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இதே பேச்சோடு முருங்கை இலைத் தூள் வியாபாரி யாரேனும் ஒப்பந்தச் சாகுபடி பேச வந்தால், விவசாயிகள் சற்று நிதானிக்க வேண்டும்.

இரண்டிலும் உள்ள பொருள் குவெர்செட்டின். ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசி போட்டு, கணையத்தைக் கெடுத்து, சர்க்கரை நோயை உண்டாக்கிய பிறகே இதைக் கொடுக்கிறார்கள். வயதாகி, உடல் பருத்து நமக்கு வரும் நோய் வேறு. அளவையும் பாருங்கள். கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் என்பது அங்கே சாதாரணம். மனிதனுக்கு அதை ஆறில் ஒரு பங்காக்கிக் கணக்கிடுவது வழக்கம். அப்படியும் 60 கிலோ ஆளுக்குத் தினம் 500 மில்லிகிராம் ஆகிறது. 100 கிராம் வெங்காயத்தில் இருப்பதோ ஏறக்குறைய 30. தினமும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வெங்காயத்தை யார் தின்பது?

இன்னொன்று. 1980-ல் வெளியான ஓர் எலி ஆய்வு, இதே பொருள் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோயை உண்டாக்குவதாகச் சொன்னது. பிறகு செய்த பல சோதனைகளில் அப்படித் தெரியவில்லை. மனிதனுக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்த இயலாது என 1999-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் கூறிவிட்டது. எலி சொல்லும் நல்ல சேதியை மட்டும் நம்புவது என்ன நியாயம்?

வியாபாரி வந்தால் கேளுங்கள்: எலிக்குக் கொடுத்தது தனியாகப் பிரித்த பொருளா, இலையா? வாய் வழியாகவா, ஊசியாகவா? மனிதர்களிடம் சோதித்தார்களா? கூடவே கொள்முதல் விலையை எழுதி வாங்குங்கள். வெங்காயமாவது பட்டறை போட்டு விலைக்குக் காத்திருக்கலாம்; பறித்த முருங்கை இலை மறுநாளே பழுத்துவிடும்.