குற்றவாளிக் கூண்டில் கருவி

அறிவியற் கற்பனை எதிர்காலத்தைப் பற்றியது என்பது பொதுவான எண்ணம். ஆயின் அது எழுப்பும் அடிப்படை வினா எக்காலத்துக்கும் உரியது. மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள் தன் கையை மீறிச் செல்லுமிடத்து அதன் விளைவுக்கு யார் பொறுப்பு என்பதே அவ்வினா. 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவல் தொட்டு இவ்வினா அவ்வகைப் படைப்புகளின் உயிர்நாடியாக இருந்து வருகின்றது. வினா கதையின் எவ்விடத்திலும் எழலாம். விடை பெரும்பாலும் இறுதிக் காட்சியிலேயே கிடைக்கின்றது. கதாநாயகன் எதனைத் தெரிந்தெடுக்கின்றான், எதனை இழக்கச் சம்மதிக்கின்றான் என்பதே அவ்விடை. ஆதலின் இத்தகைய படமொன்றின் இறுதிக் காட்சியைப் பரிசோதித்தல் அப்படத்தின் அறத்தைப் பரிசோதித்தலாகும்.

தமிழ்த் திரைக்கு அறிவியற் கற்பனை முற்றிலும் புதியதன்று. 1963இல் வெளிவந்த 'கலை அரசி' எம்.ஜி.ஆரை வேற்றுக் கிரகத்துக்கு அனுப்பிவைத்தது. ஆயின் அங்கு விண்கலம் வெறும் வாகனம். கதாநாயகன் செய்ய வேண்டியதெல்லாம் வீரம் காட்டுவதே. ஆக்கியோனின் பொறுப்பு என்னும் பிரச்சினையைப் பெருந்திரளான தமிழ்ப் பார்வையாளர் முன் வைத்த படம் 2010 ஒக்டோபர் 1ஆம் திகதி வெளியான, ஷங்கரின் 'எந்திரன்' ஆகும். அதன் முடிவைக் கண்ணீர் வரவழைக்கும் உன்னத சோகம் எனப் புகழ்வோர் பலர். அம்முடிவு சோகமானது என்பதில் ஐயமில்லை. உன்னதமானதா என்பதே கேள்வி.

கதையை நினைவுகூர்தல் பயன் தரும். விஞ்ஞானி வசீகரன் சிட்டி என்னும் இயந்திர மனிதனை ஆக்குகின்றார். எதற்காக? இராணுவத்திற்கு வழங்குவதற்காக. அவருடைய ஆசானான போரா, இவ்வியந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது, எவர் ஏவினாலும் ஏவியதைச் செய்யும் என்று கூறி அங்கீகாரம் மறுக்கின்றார். போரா தீயவர்; ஆனால் அவர் கூறியது சரியானது. தீவிபத்தொன்றிலே குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியைச் சிட்டி ஆடையின்றியே வெளியே தூக்கி வருகின்றது. நாணத்தால் ஓடிய அவள் வாகனத்தில் மோதுண்டு மடிகின்றாள். பின்னர் உணர்ச்சி ஊட்டப்பெற்ற சிட்டி வசீகரனின் காதலி சனாவையே காதலிக்கின்றது. இராணுவ அதிகாரிகள் முன்னிலையில் ஆக்கியோனை அவமானப்படுத்துகின்றது. வெகுண்டெழுந்த வசீகரன் அதனைக் கோடரியால் வெட்டிக் குப்பை மேட்டில் எறியச் செய்கின்றார். அங்கிருந்து அதனை மீட்டெடுத்த போரா, அழிவுக்கான சிவப்புச் சில்லைப் பொருத்துகின்றார். அதன்பின் சென்னை நகரம் சுடுகாடாகின்றது.

முடிவில் வசீகரன் சிட்டியை வென்று சிவப்புச் சில்லை அகற்றுகின்றார். நீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதிக்கின்றது. அவ்வேளையில் சிட்டி, போரா சில்லைப் பொருத்திய காட்சியைப் பதிவிலிருந்து எடுத்துக் காட்டுகின்றது. வசீகரன் விடுதலையாகின்றார், சிட்டியைப் பிரித்தழிக்குமாறு ஆணை பிறக்கின்றது. வசீகரன் அவ்வாணையைச் சிட்டியிடம் கூற, அது அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டு, விடைபெற்று, தன் அங்கங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றது. பார்வையாளர் கண்கலங்குகின்றனர்.

இவ்விடத்திற் சில வினாக்களை எழுப்புதல் அவசியம். போர்க்கருவியாகவே ஒன்றை ஆக்க முனைந்தவர் யார்? நன்மை தீமை அறியாது என எச்சரிக்கப்பட்ட பின்னும், அவ்வெச்சரிக்கை மெய்யென ஓர் உயிர் பறிபோன பின்னும், பணியை நிறுத்தாதவர் யார்? அபாயகரமான அப்பொருளை முறைப்படி செயலிழக்கச் செய்யாது, சினத்தினால் வெட்டிக் குப்பையில் எறிந்தவர் யார்? இவ்வினாக்களுக்கு ஒரே விடைதான் உண்டு. ஆயின் படத்தின் நீதிமன்றம் அவற்றை நிறுத்துப் பார்க்கவில்லை. சிவப்புச் சில்லு ஒன்று முழுப் பழியையும் சுமக்கின்றது. அதைப் பொருத்தியவரோ முன்னமே இறந்துவிட்டார். ஆகக் குற்றம் முழுவதும் இறந்த ஒருவர் மீதும் ஓர் இயந்திரத்தின் மீதும் இறக்கிவைக்கப்பட, உயிரோடிருக்கும் மனிதர் எல்லோரும் தூய்மையடைந்து வீடு திரும்புகின்றனர்.

கதாநாயகன் இங்கு எதனையும் தெரிந்தெடுக்கவில்லை. தெரிவு அவருக்காக நீதிமன்றத்தால் செய்யப்படுகின்றது. தண்டனை அவருக்காக இயந்திரத்தால் அனுபவிக்கப்படுகின்றது. அவர் இழப்பது ஏதுமில்லை. அதனினும் கொடியது, பார்வையாளரின் கண்ணீர் எங்கே திருப்பப்படுகின்றது என்பதாகும். நகர வீதிகளில் மாண்டவர்களுக்குப் படத்தில் முகமில்லை, பெயரில்லை. இரங்கல் முழுவதையும் கொன்ற கருவியே பெற்றுக்கொள்கின்றது.

படத்தின் கடைசிக் கணம் 2030ஆம் ஆண்டிலே, ஓர் அருங்காட்சியகத்தில் நிகழ்கின்றது. தான் ஏன் பிரிக்கப்பட்டது என வினவும் மாணவி ஒருத்திக்கு, தான் சிந்திக்கத் தொடங்கியமையே காரணம் எனச் சிட்டி விடை பகர்கின்றது. கவர்ச்சியான விடைதான், ஆனால் பொய்யான விடை. இயந்திரம் சிந்தித்தமையால் அழிவு நேரவில்லை. அதனை ஆக்கியவரும், விலைபேசியவரும், வாங்க வந்தவரும் சிந்திக்காமையாலேயே நேர்ந்தது.

தமிழ் மரபு இத்தகைய முடிவை ஏற்கும் மரபன்று. சிலப்பதிகாரத்திலே பொய்யுரைத்தவன் பொற்கொல்லன். வெட்டியது காவலனின் வாள். பாண்டியன் விரும்பியிருந்தால் பொற்கொல்லனைச் சுட்டித் தப்பியிருக்கலாம். வாளை முறித்து வழக்கை முடித்திருக்கலாம். ஆராயாது ஆணையிட்டவன் தானே என உணர்ந்த கணத்திலே அவன் அரியணையில் வீழ்ந்து மடிகின்றான். பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. கன்றைக் கொன்றது தேர்ச்சக்கரம். ஆயின் சோழன் தேரை உடைக்கவில்லை. தேரோட்டிய தன் மைந்தன்மீதே தேரைச் செலுத்தினான். இவ்வரசர்களின் நீதி இன்றைய கண்ணுக்குக் கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் கருவி வேறு, கருவியை ஏவியவன் வேறு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. அத்தெளிவை 21ஆம் நூற்றாண்டின் விஞ்ஞானியிடம் காணவில்லை.

வணிகத் திரைப்படத்திடம் இவ்வளவு எதிர்பார்ப்பது மிகை என்று கூறுவோர் ஹொலிவூட்டின் 'டேர்மினேற்றர் 2' (1991) படத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்கும் இறுதியில் இயந்திரம் தன் அழிவை வேண்டி நிற்கின்றது. அங்கும் பார்வையாளர் அழுகின்றனர். ஆனால் அதற்கு முன்னரே, தன் ஆராய்ச்சி பேரழிவுக்கு வித்திடும் என அறிந்த விஞ்ஞானி டைசன், தன் வாழ்நாள் உழைப்பைத் தானே தகர்க்க முன்வந்து, அம்முயற்சியில் உயிரும் துறக்கின்றார். மனிதன் தன் பங்கைச் செலுத்திய பின்னரே இயந்திரம் தன் பங்கைச் செலுத்துகின்றது. இரு படங்களும் வணிகப் படங்களே. வேறுபாடு பணத்திலன்று, நோக்கிலே உள்ளது.

இவ்வாதம் புதுக்குடியிருப்பில் வேறொரு கனம் பெறுகின்றது. 'எந்திரன்' வெளியான நாளில், போர் முடிந்து 16 மாதங்களே கடந்திருந்தன. அவ்வூரவரிற் பலர் அப்போது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் இருந்தனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. பறக்கும் இயந்திரம் அவர்களுக்குக் கற்பனையன்று. ஆளில்லா வேவு விமானத்துக்கு அம்மக்கள் இட்ட பெயர் 'வண்டு'. அதன் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் இறங்கக் கற்ற பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களிலே பயில்கின்றனர். 2009 பெப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காக, நோயாளர் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வெறிகணைகளுள் எதுவும் நீதிமன்றம் ஏறி மன்னிப்புக் கேட்கவில்லை. எவரது கட்டளை எனப் பதிவிலிருந்து எடுத்துக் காட்டவுமில்லை.

சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொண்டது. முல்லைத்தீவு மண்ணிலே இரு தரப்பினரும் புதைத்த மிதிவெடிகள் அவ்வாறு செய்வதில்லை. மிதிப்பவர் படைவீரரா, விறகு பொறுக்கும் சிறுமியா எனப் பாகுபடுத்த அறியாத மிதிவெடி, போரா கூறிய குறையை அப்படியே உடைய கருவியாகும். புதைத்தவன் இறந்தாலும், சரணடைந்தாலும், ஓய்வூதியம் பெற்று வீட்டிலிருந்தாலும் அது தன் காவலைக் கைவிடாது. அதனைக் கழற்ற மனிதக் கைகளே வேண்டும். போர் முடிந்து 15 ஆண்டுகள் கடந்த பின்னரும் பெண்கள் உட்பட உள்ளூரவர் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக அப்பணியைச் செய்தனர். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அப்போது போர் முடிந்து எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இதுவே கருவிகளின் மெய்யான இறுதிக் காட்சி. அதிற் பின்னணி இசை இல்லை.

திரைப்படம் பொழுதுபோக்கு மட்டுமே, அதன்மீது இத்தகைய பாரத்தை ஏற்றலாகாது என்பர் சிலர். அவ்வாறாயின் அதன் முடிவை உன்னத சோகம் எனப் போற்றுவதையும் அவர்கள் கைவிடல் வேண்டும். இயந்திரத்தின் தியாகம் மனிதனை நாணச் செய்கின்றது என்பர் வேறு சிலர். தியாகம் என்பது மறுக்கக்கூடியவன் மறுக்காது கொடுப்பதாகும். நீதிமன்ற ஆணையைத் தன் ஆக்கியோன் வாயிலாகப் பெற்று நிறைவேற்றுவது தண்டனை. தண்டனையைத் தியாகமாக அலங்கரித்தல், தண்டனைக்கு உரியவர் யார் என்ற வினாவை மறைக்கும் திரையாகும். வசீகரன் உயிரைப் பணயம் வைத்துச் சிட்டியின் கோட்டைக்குள் நுழைந்தாரே என்பது மூன்றாவது மறுப்பு. அத்துணிவு மெய்யே. ஆயின் துணிவு வேறு, பொறுப்பேற்றல் வேறு. தான் மூட்டிய தீயை அணைத்தவன் தீ மூட்டியமைக்கும் விடை கூறல் வேண்டும்.

விடை கூறாத முடிவு எங்கே இட்டுச்செல்லும் என்பதற்கு 2018 நவம்பரில் வெளியான '2.0' சான்றாகும். பிரிக்கப்பட்ட சிட்டி, தேவை வந்ததும் மீண்டும் பொருத்தப்படுகின்றது. பறவைகளுக்காக வாழ்ந்து, தோற்று, உயிர்நீத்த பட்சிராஜனை வெல்வதற்கு அங்கு கையாளப்படும் வழி யாது? நுண்ணிய இயந்திரங்கள் புறாக்களின் மீதேறி வந்து, பணியாவிடில் அப்புறாக்களைக் கொல்வோம் என மிரட்டுகின்றன. குற்றமற்ற உயிர்களைப் பணயமாக்கி எதிரியைப் பணியவைத்தல் கதாநாயகனின் தரப்பிலிருந்து, கைதட்டலுக்கு உரிய தந்திரமாகக் காட்டப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் அறிக்கை 2011இல் வெளியானது. அரசபடைகள் பாதுகாப்பு வலயங்கள் மீது எறிகணை வீசின என்பதும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாது கேடயமாக்கினர் என்பதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என அது கூறிற்று. இவ்விரண்டுக்கும் நடுவே நின்றவர்கள் புதுக்குடியிருப்பு மக்கள். அப்புறாக்களின் இடத்தில் நின்றோருக்கு அக்கைதட்டல் எவ்வாறு கேட்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தாமே இலக்கைத் தெரிந்து தாமே தாக்கும் ஆயுதங்களைப் பற்றி 2014 முதல் ஜெனீவாவில் நாடுகள் கூடிப் பேசி வந்துள்ளன. இத்தகைய ஆயுதத்தின் செயலுக்கு எந்த மனிதன் பொறுப்பு என்பதே அங்கும் மைய வினா. பிழை செய்தது இயந்திரம், கோளாறு சில்லில் என்று கைகழுவுவதற்கான சொற்கள் ஏற்கெனவே ஆயத்தமாக உள்ளன. அச்சொற்களைக் கண்ணீரோடு ஏற்றுக்கொள்ள ஒரு தலைமுறையைப் பழக்கும் படங்கள் தீங்கற்ற பொழுதுபோக்கு ஆகமாட்டா.

தமிழ் அறிவியற் கற்பனைப் படம் இனி எடுக்க வேண்டிய இறுதிக் காட்சி ஒன்றுண்டு. அதில் இயந்திரம் மௌனமாக நிற்கும். ஆக்கியோன் கூண்டிலேறி, யாருக்காக ஆக்கினேன், எதனை அறிந்தும் நிறுத்தாதிருந்தேன், யார் யார் மாண்டனர் என்று பெயர் பெயராகக் கூறுவான். அதன்பின் தன் கையால் அக்கருவியைக் கழற்றுவான். அத்தகைய முடிவைக் கோருதல் பார்வையாளரின் உரிமை. அதற்குக் குறைந்ததைக் குறைந்தது என்று எழுதுதல் விமர்சகரின் கடமை.