இடைச்செருகல் வேண்டாம்

செல்லரித்த ஏட்டில் இழப்பு கண்ணுக்குத் தெரியும். இடைச்செருகல் எளிதில் தெரிவதில்லை. மூலத்தோடு ஒன்றிக் கலந்துவிடுவதாலேயே பதிப்பாசிரியர்க்கு அது பெருந்தொல்லை. கணினியிலும் இத்தகைய இடைச்செருகல் அன்றாடம் நிகழ்வதை நாம் பொருட்படுத்துவதில்லை.

பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகலை மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது தனக்கென ஒரு பைதானைத் தன் கோப்புறைக்குள்ளேயே சுமந்து வருகிறது. 2024இல் வெளிவந்த 4.2 பதிப்பில் இருப்பது பைதான் 3.11. கூடுதல் பொதிகள் வேண்டுமெனில் பிப் கொண்டு அதற்குள்ளேயே நிறுவிவிடுங்கள் என்பது இணையத்தில் பலரும் தரும் அறிவுரை. அதனை நாம் ஏற்பதற்கில்லை. பிளெண்டர் தன்னுடன் கொண்டுவரும் நம்பை பொதியின் இடத்தில் வேறொரு பதிப்பு அமர்ந்துவிட்டால், அதனைச் சார்ந்த கூறுகள் குலையலாம். அடுத்த பதிப்பு தனக்குரிய பைதானுடன் தனிக் கோப்புறையில் வரும்போது, முன்பு சேர்த்தவை எவை என்பதற்குச் சான்றும் இராது.

மூலத்தைத் தொடாமல் உரையைத் தனியே எழுதுவதே முறை. மெய்நிகர் சூழல் அத்தகையது. அதற்கான கருவி, 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பு முதல் பைதானின் பகுதியாகவே உள்ளது. ஆயின், சூழலைப் பிளெண்டரின் பைதானைக் கொண்டே உருவாக்க வேண்டும். நம்பை போன்ற பொதிகளில் சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட பகுதிகள் உண்டு, 3.12க்கெனத் தொகுத்தவை 3.11இல் இயங்கா.

முனையத்தில் சூழலை முடுக்கிவிட்டால் போதும் என எண்ணலாகாது. பைதானுக்குரிய சூழல் மாறிகளைப் பிளெண்டர் இயல்பாகக் கருதுவதில்லை. தொடக்க நிரலில் ஒரு வரி எழுதி, நம் சூழலின் பொதிக் கோப்புறையைத் தேடுபாதையின் இறுதியில் சேர்க்க வேண்டும். இறுதியில் சேர்ப்பதால் பிளெண்டரின் சொந்தப் பொதிகளுக்கே முதலிடம் கிடைக்கும்.

இது வீண் சுற்றுவழி என்பாரும் உளர். 4.2 முதல் நீட்சிகள் தமக்கு வேண்டிய பொதிகளைத் தம்முடனேயே கொண்டுவரலாம் என்பது உண்மையே. பிறர்க்கு வழங்கும் நீட்சிக்கு அதுவே தக்கது. தம் தேவைக்கு நிரல் எழுதிப் பார்ப்போர்க்குத் தனிச்சூழலே பொருந்தும்.

அச்சூழலும் தன்னிறைவானதன்று. மூலப் பைதான் இருக்குமிடத்தைச் சுட்டும் சிறு கோப்பொன்றை அது சார்ந்து நிற்கிறது. பிளெண்டரை இடம்மாற்றினால் சூழலை மீண்டும் படைக்க நேரும். ஆகவே, நிறுவிய பொதிகளின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரு பட்டியலில் எழுதிவைத்தல் நன்று. உரை அழிந்தாலும், மூலம் கெடாமல் இருந்தால் அப்பட்டியலைக் கொண்டு மீண்டும் எழுதிக்கொள்ளலாம்.