பழைய அட்டையும் புதிய அட்டையும்

தாம்பரத்திற்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டில் மீட்டர் பாதையிலே ஓடத் தொடங்கிற்று. 2004-ல் அவ்வண்டிகள் நின்றொழிய, அகலப் பாதை வண்டிகளே எஞ்சின. இரண்டும் இருப்புப் பாதையே. ஆயினும் ஒன்றன் வண்டி மற்றொன்றில் ஓடாது. மூத்தோர் வாயிலாக இதனைப் பன்முறை கேட்டு வளர்ந்த யாம், ஒலி அட்டைகளின் விஷயத்தில் மட்டும் அதனை மறந்து ஏமாந்தோம்.

சேலையூரிலே எம் நண்பர் சிலர் சிறியதோர் ஒலிப்பதிவு அறை நடத்துகின்றனர். அங்கே புரோ டூல்ஸ் எச்டிஎக்ஸ் அட்டை ஒன்று உண்டு. அதன் வலிமையைப் பெருக்கக் கருதி, ரிச்சி தெருவில் 'எச்டி' என்னும் பெயர் பொறித்த பழைய அட்டையொன்றை மலிவாக வாங்கி வந்தோம். கணிப்பொறியின் பொருத்துவாயில் அது செவ்வையாக அமர்ந்தது. மென்பொருளோ அதனைத் துணையாக ஏற்க மறுத்தது. கடைக்காரரை நோவானேன்? பெயரை மட்டும் பார்த்து வாங்கியோர் யாமே அன்றோ!

பெயர் ஒருபுறம் நிற்க, இவ்வட்டைகளின் தலைமுறையை அறிவது எங்ஙனம்? 2002-ல் வந்த எச்டி அட்டையில் ஒலியைக் கணிக்கும் சில்லுகள் ஒன்பது. அடுத்த ஆண்டில் வந்த 'ஆக்ஸல்' அட்டையிலும் ஒன்பதே; ஆனால் வலிமை மிக்கவை. ஆகவே எண்ணிக்கை கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. அட்டையின்மேல் உள்ள எழுத்தையே நோக்க வேண்டும். இவை முதலில் பிசிஐ வாய்க்கெனச் செய்யப்பட்டவை. 2005-ன் இறுதியில் ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் வாயை அமைத்தபின், அதற்கேற்ற அட்டைகளும் வந்தன. இவ்வேறுபாடு விளிம்பிலுள்ள பொன்னிறப் பற்களைப் பார்த்த அளவிலே விளங்கும். 2011-ல் பிறந்த எச்டிஎக்ஸ் அட்டையிலோ பதினெட்டுச் சில்லுகள். அவை செய்வோரும் வேறு, கணக்கிடும் முறையும் வேறு. பெயரில் ஓரெழுத்தே மிகை. குலமோ முற்றிலும் வேறு.

கலப்பதே குற்றம் என்பாரும் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. பழைய 'கோர்' அட்டையையும் புதிய ஆக்ஸல் அட்டையையும் சேர்த்து, செய்த நிறுவனத்தாரே ஒரு தொகுதியாக விற்றனர். அவ்வாறு கலந்தவிடத்தும், ஆக்ஸலுக்கென எழுதப்பட்ட ஒலிநிரல்கள் பழைய சில்லில் ஏறமாட்டா என்பதை அறிந்து கலத்தல் வேண்டும். அவ்வளவே.

எம் மனத்தை வருத்தியது பிறிதொன்று. அவ்வறையின் பழைய வன்தட்டில், முதியவர் ஒருவர் 2009-ல் பாடிய கீர்த்தனைகள் சில உள்ளன. அவர் இன்றில்லை. பழைய அட்டைகளின் டிடிஎம் ஒலிநிரல்களை 2013-ல் வந்த புரோ டூல்ஸ் 11 கைவிட்டது. அதனால், புதிய கணிப்பொறியில் அப்பதிவைத் திறந்தபோது குரல் இருந்தது, வீணை இருந்தது, அவற்றை ஒன்றோடொன்று இயைத்த கைவண்ணம் மட்டும் இல்லை. கோடம்பாக்கத்தும் வடபழனியிலும் எத்துணைப் பாடல்கள் இந்நிலையில் கிடக்குமோ! தலைமுறை மாறுகின்ற அன்றே, பழைய யந்திரத்தைக் கழற்றுமுன், ஒவ்வொரு பாட்டின் முடிந்த கலவையையும் தனித்தனித் தடங்களையும் எளிய அலைக்கோப்புகளாக எடுத்து வைத்தல் பதிவாளர் கடமை. இதற்கு வேண்டுவது சில நாளைய பொறுமையேயன்றிப் பெரும்பொருளன்று. பழைய அட்டையைக் குப்பையென எறிவோர் அதனோடு பாட்டையும் எறிகின்றனர்.

யாம் தவறி வாங்கிய அட்டை 'கோர்' வகையினது என்பது பின்னரே தெரிந்தது. பழைய கணிப்பொறியொன்றையும் உரிய பிற கருவிகளையும் இரவல் பெற்று, இருவகை அட்டைகளையும் ஏற்கும் புரோ டூல்ஸ் 10-ஐ அதிலிட்டோம். சென்ற சனிக்கிழமை இரவு முதற் கீர்த்தனை பழைய கலவையோடு ஒலித்தது. இன்னும் ஆறு உள.