மலிவு யூரியாவின் மறுபக்கம்

மாதம் பிறந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பும் தமிழர்கள் மும்பையில் ஏராளம். கொஞ்சம் நிலம் உள்ள குடும்பமாயின், அந்தப் பணத்தில் ஒரு பங்கு உரக்கடைக்குப் போகிறது. அந்த உரம் நம் கண்ணெதிரிலேயே தயாராவதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் 1965-ல் ஓர் உர ஆலை இயங்கத் தொடங்கியது. அலிபாக் அருகே தல் என்ற இடத்தில் 1985-ல் இன்னொன்று வந்தது. இரண்டும் இன்று ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு பெர்ட்டிலைசர்ஸ் என்ற அரசு நிறுவனத்தைச் சேர்ந்தவை.

யூரியா எப்படிப் பிறக்கிறது? நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். பயிருக்குத் தேவையான தழைச்சத்தும் அதுவே. ஆனால் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்து கிடப்பதால், நெல்லோ கரும்போ காற்றிலிருந்து அதை நேராக எடுத்துக்கொள்ள இயலாது. அந்தப் பிணைப்பை உடைத்து ஹைட்ரஜனோடு சேர்க்கும் வழியை ஜெர்மானிய விஞ்ஞானி பிரிட்ஸ் ஹேபர் 1909-ல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். கார்ல் பாஷ் 1913-ல் அதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார்.

இன்றும் முறை அதுவே. இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அதைக் காற்றின் நைட்ரஜனோடு கலந்து, சுமார் 400 முதல் 500 டிகிரி வெப்பத்தில், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், இரும்பு வினையூக்கியின் மீது செலுத்தினால் அம்மோனியா கிடைக்கிறது. எரிவாயுவிலிருந்து வெளிவந்த கரியமில வாயுவையே அம்மோனியாவுடன் சேர்த்து யூரியாவாக்குகிறார்கள். ஆகவே, யூரியா என்பது மூட்டையில் கட்டிய எரிவாயு என்றால் மிகையாகாது.

அந்த எரிவாயுவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. அதற்கு டாலரில் விலை. உழவரோ 45 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 267 ரூபாய்தான் தருகிறார். மிச்சத்தை அரசு ஏற்கிறது. உக்ரைன் போரால் விலைகள் உச்சத்துக்குப் போன 2022-23-ல் உர மானியம் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் நாம் கட்டும் வரியும் அதில் அடக்கம்.

மானியம் கூடாது என்பது நம் வாதமல்ல. அது கோணலாகக் கொடுக்கப்படுகிறது என்பதே குறை. 2010-ல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்குச் சத்தின் அளவைப் பொறுத்து மானியம் என்று திட்டம் வந்தது. அவற்றின் விலை ஏறியது. யூரியாவை மட்டும் அத்திட்டத்துக்கு வெளியே வைத்து, விலையைக் கட்டிப்போட்டார்கள். விளைவு? மலிவானது வயலில் குவிந்தது. தழை, மணி, சாம்பல் சத்துகள் நாடு முழுமைக்கும் 4:2:1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது நெடுநாளைய கணக்கு. நடப்பில் தழைச்சத்தே மேலோங்கி நிற்கிறது.

யூரியா அதிகமானால் பயிர் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் புகையானும் குலைநோயும் தேடி வரும். தாள் மெலிந்து சாயும். போட்டதில் பாதிக்கு மேல் பயிருக்குச் சேராமலும் போகலாம். அம்மோனியாவாக ஆவியாகிறது, நைட்ரேட்டாகக் கிணற்று நீரில் இறங்குகிறது, இன்னொரு பகுதி, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடாகிறது.

இதற்கு உழவரைக் குறை கூறுவது நியாயமல்ல. எது மலிவோ அதை வாங்குவது மனித இயல்பு. 2015-ல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதும், 2018-ல் 50 கிலோ மூட்டையை 45 ஆக்கியதும் நல்ல நடவடிக்கைகளே. ஆனால் அவை போதா. யூரியாவையும் படிப்படியாகச் சத்துவாரி மானியத்தில் சேர்க்கவேண்டும். அதில் மிச்சமாகும் தொகையை ஏக்கர் கணக்கில் சாகுபடியாளர் கையில் கொடுக்கவேண்டும். பட்டா இல்லாத குத்தகைதாரரை விட்டுவிடக்கூடாது. இதைச் செய்யாமல் விலையை மட்டும் ஏற்றினால், அது ஏழை வயிற்றில் அடிப்பதாகும்.

அரசு அசையும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, 'மண் பரிசோதனை செய்தாயிற்றா?' என்று கேளுங்கள். மேலுரத்தை ஒரே தடவையாக இறைக்காமல் பிரித்துப் போடச் சொல்லுங்கள். யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது நம் வேளாண் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வழி. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால், காற்றின் நைட்ரஜன் செலவில்லாமலே மண்ணில் சேரும். இங்கே ஓவர்டைம் பார்த்து அனுப்பும் காசு, அங்கே ஆவியாகவும் கிணற்று நஞ்சாகவும் போகாமல் நெல்லாகத் திரும்பட்டும்.