கேட்கத் தெரிந்து கேட்போம்

அறியாததைக் கேட்பது இழிவன்று. கேளாமலிருந்து காலத்தைப் பாழாக்குவதே இழிவு. இதை மறுப்பார் எவருமில்லை. ஆயினும், கணினியின் கட்டளை வரியில் எழுத்துக் கோப்புகளைக் கையாளும் வேலையில் மட்டும் நம் மாணவ நண்பர்கள் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். ஒரு சாரார் வாய் திறந்து கேட்பதேயில்லை. ஆயிரக்கணக்கான வரிகளை இரவெல்லாம் கண்விழித்துக் கையாலேயே திருத்துகின்றனர். மற்றொரு சாரார், “கோப்பு சரியாக வரவில்லை, உதவுக” என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டு, விடை கிடைக்கவில்லையே என்று வருந்துகின்றனர்.

இவ்வேலை மாயவித்தையன்று. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் அமைப்புக்கு அடிகோலினர். 1973-இல், டக் மெக்கில்ராயின் தூண்டுதலால், ஒரு கட்டளையின் விளைவை அடுத்த கட்டளைக்கு ஊட்டும் ‘பைப்’ முறை அதில் இடம்பெற்றது. தேடுவதற்குக் ‘கிரெப்’, வரிசைப்படுத்தச் ‘சார்ட்’, அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளை ஒன்றாக்க ‘யூனிக்’, சொல்லை மாற்றி எழுதச் ‘செட்’ என்று ஒவ்வொன்றும் ஒரு சிறு வேலையையே செய்யும். சங்கிலிபோல் கோத்தால் பெருவேலையும் முடியும். எந்தக் கண்ணி அறுந்தது என்று காட்டுபவருக்கு உதவுவது எளிது. காட்டாதவருக்கு உதவுவது இருட்டில் ஊசி தேடுவதாகும்.

நன்னூலார் வினாவை ஆறு வகையாக வகுத்தார். அவற்றுள் அறியா வினா ஒன்று, ஐய வினா மற்றொன்று. ஒன்றுமே தெரியாமல் கேட்பது முன்னது. இதுவோ அதுவோ என்று ஐயுற்றுக் கேட்பது பின்னது. அறியா வினாவை ஐய வினாவாக்கிக்கொண்டு வருவதே கேட்பவர் கடமை என்பது என் கருத்து.

அதற்கு வேண்டுவன நான்கே. கோப்பிலிருந்து ஐந்தாறு வரிகள். அவை எவ்வாறு மாறவேண்டும் என்பதற்குக் கையால் எழுதிய மாதிரி. தாம் இட்ட கட்டளையும் அதற்குக் கணினி சொன்ன மறுமொழியும், ஓர் எழுத்தும் மாறாமல். எந்த இயங்குதளம் என்ற குறிப்பு. கடைசியானதைச் சிறிதென்று எண்ணவேண்டா. கோப்பையே நேராகத் திருத்தச் சொல்லும் ‘செட்’ கட்டளை, லினக்சில் ஒருவகையாகவும் மேக் கணினியில் வேறுவகையாகவும் எழுதப்படும். மாதிரி வரிகளில் பிறருடைய உண்மையான பெயரும் தொலைபேசி எண்ணும் இருத்தலாகாது. கற்பனைப் பெயர்களே போதும்.

இவ்வாறு எடுத்து வைக்கும்போதே பாதி விடை கிடைத்துவிடும். ‘யூனிக்’ இட்டும் இரட்டை வரிகள் போகவில்லையா? மாதிரியைப் பார்த்தவுடனே, அவை அடுத்தடுத்து நிற்கவில்லை, முதலில் ‘சார்ட்’ இடவேண்டும் என்பது விளங்கும். ஒன்றுபோலத் தோன்றும் இரு வரிகள் வேறெனக் கணினி சாதிக்கிறதா? ஒன்று விண்டோசிலிருந்து வந்திருக்கும். அதன் வரி இறுதியில் கண்ணுக்குத் தெரியாத குறியொன்று கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

தமிழ்க் கோப்பென்றால் கேட்கவேண்டிய கேள்விகள் இன்னும் மிகுதி. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள், யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் பதினைந்து பைட்டுகள். எண்ணும் கட்டளை பதினைந்து என்றாலும் ஐந்து என்றாலும் அது பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் வேறு. வெறும் குறியீட்டெண் வரிசையில் அடுக்கினாலோ, மயிலுக்குப் பின் வரவேண்டிய மனம் முன்னே வந்து நிற்கும். ஏனெனில் யூனிகோடு அட்டவணையில் றன்னகரம் நகரத்தை அடுத்தே வைக்கப்பட்டுள்ளது. ஆங்கிலக் கோப்பை மட்டும் கையாளுபவர் இவ்விடர்களைக் காணப்போவதில்லை. நாமும் கேளாமல் கையால் திருத்திக்கொண்டே போனால், தமிழுக்குரிய விடைகளை எவர் எழுதிவைப்பார்? ஒருவர் தெளிவாகக் கேட்ட கேள்வி, பின்வரும் பலருக்கு வழிகாட்டும் அன்றோ?

நிற்க. விடை சொல்பவருக்கும் கடமையுண்டு. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து, மொழி புரியாத ஊரில் தயங்கித் தயங்கிக் கேட்கும் இளைய மாணவரைப் பார்த்து, “இதுகூடத் தெரியாதா?” என்று நகைப்பவர் அறிஞரல்லர். மந்திரம்போல் ஒரு வரியை எழுதிக் கொடுத்து விலகுவதும் உதவியாகாது. ஒவ்வொரு துண்டும் என்ன செய்கிறது என்று சொல்லவேண்டும். ஒரு கோப்பைச் ‘சார்ட்’ செய்து, குறுக்குவழியாக விளைவை அதே கோப்பின் பெயருக்கே அம்புக்குறியால் திருப்பினால், அடுக்கும் வேலை தொடங்குமுன்பே கோப்பு வெறுமையாகிவிடும். முதலில் நகல் எடுத்துக்கொள் என்று எச்சரிக்காத உதவி, பல நாள் உழைப்பை ஒரு நொடியில் அழித்துவிடக்கூடும். இன்று செயற்கை அறிவுப் பொறிகளிடம் கேட்பவரும் உளர். அவர்களுக்கும் இந்நெறியே பொருந்தும்: மாதிரியின்றிக் கேட்டால் பொறியும் ஊகித்தே சொல்லும், அதன் விடையை முதலில் நகலில் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், இத்தகைய கேள்விகளுக்கென்றே ஒதுக்குவோம். கேட்ட கேள்வியையும், கிடைத்த விடையையும், அதன் விளக்கத்தையும் நல்ல தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். செலவு ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு வருபவர் இரவெல்லாம் கண்விழித்துக் கையால் திருத்தும் நிலை மாறும். அது போதாதா?